பெற்றோர் படித்த பள்ளிக்குள் ஒரு மகன்: ‘பேக் டு த ஃபியூச்சர்’ குடும்பத்தோடு பார்க்கத்தக்க படமா?

மாலைக்காட்சி எழுதியது:

பள்ளி மாணவர்களை வைத்து எடுக்கப்பட்ட காலப்பயணப் படங்களில், வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கத்தக்க ஒன்றைச் சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும், 1985 ஜூலை 3 அன்று அமெரிக்காவில் வெளியான ‘பேக் டு த ஃபியூச்சர்’ படத்தையே நான் முதலில் சொல்வேன். ராபர்ட் ஜெமெக்கிஸ் இயக்கி, அவரும் பாப் கேலும் சேர்ந்து எழுதிய படம் அது. அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் டெலோரியன் காரையும், மணிக்கூண்டில் விழும் மின்னலையும், விஞ்ஞானியாக நடித்த கிறிஸ்டோபர் லாய்டின் கலைந்த வெள்ளைத் தலைமுடியையும் நினைவுகூர்வார்கள். அவை எனக்கும் பிடித்தவைதாம். ஆனாலும் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் படம் உயிரோடு இருப்பதற்கான காரணம் ஹில் வேலி உயர்நிலைப் பள்ளியின் நடைவழியில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. அதை விவாதிக்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியாவில் உள்ளதாகக் கற்பனை செய்யப்பட்ட ஹில் வேலி என்ற சிற்றூரில், 17 வயது மார்ட்டி மெக்ஃப்ளை, தன் நண்பரான விஞ்ஞானி டாக் பிரவுன் கால இயந்திரமாக உருவாக்கிய காரில் 1985 அக்டோபர் 26 அன்று தப்பி ஓடும்போது, தற்செயலாக 1955 நவம்பர் 5 என்ற நாளுக்குள் போய் விழுகிறான். அங்கே தன் தந்தை ஜார்ஜ் ஒரு கார் மோதி அடிபடவிருந்த நேரத்தில் அவரைத் தள்ளிவிட்டுத் தானே அடிபடுகிறான். அந்தக் காரை ஓட்டியவர் அவனுடைய தாய்வழித் தாத்தா. மார்ட்டி குறுக்கிடாதிருந்தால், அந்த விபத்தில் அடிபட்ட ஜார்ஜை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டபோதுதான் அவனுடைய வருங்காலத் தாய் லொரெய்ன் அவர்மீது காதல் கொண்டிருக்க வேண்டும். இப்போது அடிபட்டவன் மார்ட்டி என்பதால், பெற்ற தாயின் மனம் மகன் பக்கம் திரும்பிவிடுகிறது. நவம்பர் 12 இரவு 10.04 மணிக்கு மணிக்கூண்டில் மின்னல் விழும்போது அவன் ஊர் திரும்பலாம். அதற்கு முன்பு, பள்ளி நடன விழாவில் பெற்றோரைச் சேர்த்துவைக்காவிட்டால் அவன் பிறக்கவே மாட்டான்.

இந்தக் கதைக்கான விதை கிடைத்த விதத்தை பாப் கேல் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1980இல் செயின்ட் லூயிஸில் உள்ள பெற்றோர் வீட்டுக்குப் போனபோது, தந்தை படித்த பள்ளியின் பழைய ஆண்டு மலர் அவர் கையில் கிடைத்திருக்கிறது. அதைப் புரட்டியபோதுதான் தந்தை தம் வகுப்பின் தலைவராக இருந்தவர் என்பதே அவருக்குத் தெரியவந்தது. கேல் படித்த காலத்தில் அவருடைய வகுப்புத் தலைவருக்கும் அவருக்கும் எந்த ஒட்டுறவும் இருந்ததில்லை. நானும் அப்பாவும் ஒரே வகுப்பில் படித்திருந்தால் நண்பர்களாக இருந்திருப்போமா என்ற கேள்வி அவருக்குள் அப்போது எழுந்தது.

இந்த ஒரு கேள்விதான் படம் முழுவதும் ஓடுகிறது. காலப்பயணம் என்றால் அரசர் காலத்துக்கோ, பல நூறு ஆண்டுகள் தாண்டிய எதிர்காலத்துக்கோ போவதுதான் வழக்கம். இங்கே பயண தூரம் வெறும் 30 ஆண்டுகள். ஒரு பிள்ளைக்கும் பெற்றோருக்கும் நடுவில் இருக்கும் தூரம் அவ்வளவுதான். வீட்டுக்குள் தந்தை எப்போதும் தந்தையாகவே இருப்பார். பள்ளியில் மட்டும்தான் ஒரே மணிச் சத்தத்துக்கு இருவரும் ஓட வேண்டும், ஒரே தலைமை அதிகாரியிடம் இருவரும் திட்டு வாங்க வேண்டும். முதுகில் ஒட்டப்பட்ட காகிதத்தோடு நடந்துபோகும் ஜார்ஜைச் சக மாணவர்கள் உதைப்பதை மார்ட்டி நடைவழியில் நின்று பார்க்கிறான். அப்பா கோழை என்பது அவனுக்கு 1985இலேயே தெரியும்; அந்தக் கோழைத்தனம் எங்கிருந்து வந்தது என்பதை அவன் தெரிந்துகொள்வது அந்த நடைவழியில்தான்.

---

கரும்பலகை எழுதியது:

மாலைக்காட்சி ஐயா, உங்கள் பதிவை மகிழ்ச்சியோடு படித்தேன். படம் நல்ல படம் என்பதில் எனக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் ‘குடும்பத்தோடு பார்க்கத்தக்கது’ என்ற சொல்லை இவ்வளவு எளிதாகக் கொடுத்துவிட முடியுமா என்று, பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியை என்ற முறையில், எனக்கு உண்மையான தயக்கம் இருக்கிறது.

படத்தில் இருப்பவற்றைச் சற்று எண்ணிப்பாருங்கள். ஜார்ஜ் மரத்தின் மேல் ஏறி, உடை மாற்றும் பெண்ணைத் தொலைநோக்கி வழியாகப் பார்க்கிறார். அந்த மரத்திலிருந்து விழுந்துதான் கார் முன்னால் வருகிறார். லொரெய்ன் பள்ளி மாணவியாக இருக்கும்போதே காருக்குள் மது குடிக்கிறாள், புகை பிடிக்கிறாள். நடன விழா நடக்கும் இரவில், நிறுத்தப்பட்ட காருக்குள், ஜார்ஜை மிரட்டும் முரட்டு மாணவன் பிஃப் அவளிடம் நடந்துகொள்வது வன்கொடுமை முயற்சி. அதற்கு வேறு பெயர் இல்லை. தொடக்கத்தில் டாக் பிரவுன் இயந்திரத் துப்பாக்கியால் சுடப்படுகிறார். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, தாய் தன் மகன் என்று அறியாமல் அவன்மீது ஆசை கொள்வதுதான் கதையின் முடிச்சு. பத்து வயதுப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது இதை எப்படி விளக்குவது என்று ஒரு தாய் கேட்டால், அவருக்கு நான் என்ன பதில் சொல்வது?

---

மாலைக்காட்சி எழுதியது:

கரும்பலகை அக்கா, நீங்கள் கேட்ட இதே கேள்வியால்தான் இந்தப் படம் பல ஆண்டுகள் எடுக்கப்படாமலேயே கிடந்தது. திரைக்கதை நாற்பது தடவைக்கும் மேல் நிராகரிக்கப்பட்டதாக கேல் கூறுகிறார். அந்த நேரத்தில் அமெரிக்காவில் பதின்ம வயதினருக்கான படங்கள் என்றால் பாலியல் கொச்சை மிகுந்த நகைச்சுவைப் படங்களே பெரும்பாலும் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றோடு ஒப்பிட்ட தயாரிப்பு நிறுவனங்கள், இது மிகவும் மென்மையாக இருக்கிறது, டிஸ்னியிடம் கொண்டுபோங்கள் என்றன. டிஸ்னியிடம் கொண்டுபோனபோது, தாய்க்கும் மகனுக்கும் இடையில் இப்படி ஒரு காட்சியா, இது எங்களுக்கு ஒத்துவராது என்று மறுத்துவிட்டார்கள். இறுதியில் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ஆதரவோடு யுனிவர்சல் நிறுவனத்தில்தான் படம் உருவானது.

தணிக்கைத் தரத்தையும் கவனியுங்கள். 13 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் விஷயத்தில் பெற்றோரைக் கூடுதலாக எச்சரிக்கும் ‘பிஜி-13’ என்ற தனிப் பிரிவு அமெரிக்காவில் 1984இலேயே வந்துவிட்டது. அதற்கு அடுத்த ஆண்டு வெளியான இந்தப் படத்துக்கு அந்தப் பிரிவைக் கொடுத்திருக்கலாம். ஆனால் அதைவிட மென்மையான ‘பிஜி’ சான்றிதழே கிடைத்தது. சான்றிதழை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் சுட்டிய காட்சிகள் ஒவ்வொன்றையும் படம் எப்படி முடித்துவைக்கிறது என்பதை வைத்துத்தான் நான் முடிவு செய்கிறேன்.

தாய்–மகன் முடிச்சை எடுத்துக்கொள்வோம். மார்ட்டி அதில் ஒரு நொடிகூடக் கிளர்ச்சி அடைவதில்லை. படம் முழுக்க அவன் தப்பித்து ஓடிக்கொண்டே இருக்கிறான். காருக்குள் லொரெய்ன் அவனை முத்தமிட்டுவிட்டு உடனே விலகி, தன் தம்பியை முத்தமிட்டதுபோல இருக்கிறது, இது சரியாகவே இல்லை என்கிறாள். உண்மையை அறியாமலேயே அவள் உடல் உண்மையை அறிந்துகொள்ளும் அந்த வரியோடு முடிச்சு அவிழ்ந்துவிடுகிறது. என் மதிப்பீட்டில், அந்தத் திரைக்கதையில் மிக நுட்பமாக எழுதப்பட்ட இடம் அதுதான்.

1985இன் லொரெய்ன், என் காலத்துப் பெண்கள் பையன்களைத் தேடிப் போனதில்லை, நிறுத்தின காரில் அவர்களோடு உட்கார்ந்ததில்லை என்று பிள்ளைகளுக்கு உணவு மேசையில் அறிவுரை சொல்கிறாள். 1955இன் லொரெய்ன் நிறுத்தின காரில் உட்கார்ந்துகொண்டு, இதெல்லாம் எனக்குப் புதிதல்ல என்கிறாள். பதின்ம வயதுப் பிள்ளைகள் பெற்றோரோடு உட்கார்ந்து பார்க்க வேண்டிய காட்சி அது. அம்மாவும் ஒருகாலத்தில் கட்டுக்கு அடங்காதவளாக இருந்திருக்கலாம் என்ற எண்ணம் ஒரு பிள்ளைக்குத் தீங்கு செய்யும் என்று நான் நினைக்கவில்லை.

---

படத்தொகுப்பு எழுதியது:

இருவரும் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பள்ளி இந்தப் படத்தில் வெறும் பின்னணி இல்லை என்று ஐயா சொன்னதற்குச் சான்று திரைக்கதையின் கட்டுமானத்திலேயே இருக்கிறது.

முதல் இருபது நிமிடங்களில் வரும் எந்தச் சிறு தகவலும் வீணாகப் போவதில்லை. மார்ட்டி பள்ளிக்குத் தாமதமாக வந்து பள்ளி அதிகாரி ஸ்ட்ரிக்லண்டிடம் மாட்டிக்கொள்கிறான். மெக்ஃப்ளை குடும்பத்தில் எவனும் உருப்பட்டதில்லை என்று அவர் முகத்துக்கு முகம் வைத்துச் சொல்கிறார். இசைக்குழுத் தேர்வில் சத்தம் அதிகம் என்று சொல்லி அவனை நிறுத்திவிடுகிறார்கள். தன் பாடல் பதிவை நிறுவனத்துக்கு அனுப்பும்படி காதலி ஜெனிஃபர் சொல்லும்போது, நன்றாக இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது, அந்த மறுப்பைத் தாங்க என்னால் முடியாது என்கிறான். 1955இல் பள்ளி உணவுக்கூடத்தில் ஜார்ஜ் அறிவியல் புனைகதை எழுதிக்கொண்டிருக்கிறார். அதை யாருக்காவது காட்டியதுண்டா என்று மார்ட்டி கேட்கும்போது, ஏறக்குறைய அதே சொற்கள் அவர் வாயிலிருந்து வருகின்றன. அந்த நொடியில் மார்ட்டியாக நடித்த மைக்கேல் ஜே. ஃபாக்ஸின் முகத்தைப் பாருங்கள். தன் பயத்துக்கு இப்படி ஒரு மூலம் இருக்கிறது என்று அவன் அதுவரை நினைத்ததே இல்லை.

நடன விழாவில் வரும் காரணச் சங்கிலி இன்னும் அழகானது. மார்ட்டி லொரெய்னிடம் தவறாக நடப்பதுபோல நடிப்பது, ஜார்ஜ் வந்து அவளைக் காப்பாற்றுவதுபோல நடிப்பது என்பதுதான் திட்டம். இடையில் பிஃப் வந்து மார்ட்டியை வெளியே இழுத்துவிடுவதால் நாடகம் நிஜமாகிவிடுகிறது. ஒத்திகை பார்த்த வசனத்தோடு வரும் ஜார்ஜ் உண்மையான அச்சத்தின் எதிரே நிற்க வேண்டியதாகிறது. பிஃப்பின் கூட்டாளிகள் மார்ட்டியை இசைக்குழுவினரின் கார் டிக்கியில் பூட்டுகிறார்கள். அதைத் திறக்கும்போது கிதார் வாசிப்பவரின் கையில் காயம் ஏற்படுகிறது. கிதார் இல்லாவிட்டால் இசை இல்லை. இசை இல்லாவிட்டால் நடனம் இல்லை. நடனம் இல்லாவிட்டால் முத்தம் இல்லை. முத்தம் இல்லாவிட்டால் மார்ட்டியே இல்லை. ஆகவே அவனே மேடை ஏறுகிறான். பள்ளித் தேர்வில் ஒதுக்கப்பட்ட கிதார், 30 ஆண்டுகளுக்கு முன்பு அதே பள்ளியின் விழாவில் அவனுடைய பிறப்பைக் காப்பாற்றுகிறது.

இந்தத் துல்லியம் முதல் எழுத்திலேயே வந்துவிடவில்லை. முந்தைய வடிவங்களில் கால இயந்திரம் ஒரு குளிர்சாதனப் பெட்டி. உச்சக்கட்டம் நெவாடா பாலைவனத்தின் அணுகுண்டுச் சோதனைத் தளத்தில் நடப்பதாக இருந்தது. அதைப் படமாக்கச் செலவு மிக அதிகமாகும் என்பதால்தான் ஊருக்குள் இருக்கும் மணிக்கூண்டும் மின்னலும் வந்தன. படத்தைப் பார்த்த குழந்தைகள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குள் ஏறி மாட்டிக்கொள்ளக் கூடாது என்ற கவலையால் பெட்டிக்குப் பதிலாகக் கார் வந்தது. படத்தின் அடையாளமாகவே மாறிவிட்ட அந்தக் காரை, குழந்தைகளைப் பற்றிய அக்கறைதான் கொண்டுவந்து சேர்த்தது என்பதைக் கரும்பலகை அக்கா குறித்துக்கொள்ள வேண்டும்.

நடிகர் தேர்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. மார்ட்டி பாத்திரத்தில் முதலில் எரிக் ஸ்டோல்ட்ஸை வைத்துச் சில வாரங்கள் படமாக்கினார்கள். அவருடைய நடிப்பில் எதிர்பார்த்த நகைச்சுவை வரவில்லை என்று 1985 ஜனவரியில் அவரை மாற்றிவிட்டு ஃபாக்ஸைக் கொண்டுவந்தார்கள். ஃபாக்ஸ் பகலில் தொலைக்காட்சித் தொடரிலும் இரவில் இந்தப் படத்திலும் நடித்தார். அவரும் தாயாக நடித்த லியா தாம்சனும் 1961இல் சில நாள் இடைவெளியில் பிறந்தவர்கள். தந்தையாக நடித்த கிறிஸ்பின் குளோவர் 1964இல் பிறந்தவர், அதாவது ‘மகனை’விட இளையவர். முதுமை ஒப்பனை போட்ட 1985 காட்சிகளைவிட, மூவரும் இயல்பான முகத்தோடு நிற்கும் பள்ளிக் காட்சிகளில் அவர்கள் உண்மையிலேயே ஒரே வகுப்பு மாணவர்களாகத் தெரிவதற்கு இதுவே காரணம்.

---

இயற்பியல் மாணவி எழுதியது:

அறிவியல் பக்கத்தை யாரும் தொடவில்லையே என்பதால் எழுதுகிறேன். காலத்தைத் தாண்டக் கார் எட்ட வேண்டிய வேகமான மணிக்கு 88 மைல் என்பது ஏறக்குறைய 142 கிலோமீட்டர். தேவைப்படும் மின்திறன் 1.21 கிகாவாட், அதாவது 121 கோடி வாட். ஒரு பெரிய அணு உலை தரும் அளவு அது. காரின் எரிபொருளான புளூட்டோனியம் கிடைக்காத 1955இல் அவ்வளவு திறனை மின்னல் மட்டும்தான் தர முடியும் என்று டாக் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. மின்னலின் உச்சத் திறன் அந்த அளவைத் தாண்டக்கூடியது. ஆனால் அது நொடியின் மிகச் சிறு பகுதிதான் நீடிக்கும். அதனால்தான் கார் கம்பியைத் தொட வேண்டிய கணம் அவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பதற்றம் அறிவியலிலிருந்தே பிறக்கிறது.

மார்ட்டியிடம் இருக்கும், அவனும் உடன்பிறந்தவர்களும் நிற்கும் புகைப்படம் அவர்களின் பிறப்பு ஆபத்துக்குள்ளாகும்போது மங்குகிறதே, அதற்கு மட்டும் எந்த அறிவியல் விளக்கமும் பொருந்தாது. மார்ட்டி பிறக்கவே இல்லை என்றால், ஜார்ஜைத் தள்ளிவிட்டவன் யார்? பிறந்தவன் என்றால், ஏன் மறைய வேண்டும்? இந்த முரணுக்கு ‘கொஞ்சம் கொஞ்சமாக மறைதல்’ தீர்வாகாது. ஆனால் கதையில் அந்தப் புகைப்படம் ஒரு கடிகாரத்தின் வேலையைச் செய்கிறது. முதலில் மறைவது அண்ணன் டேவ், பிறகு அக்கா லிண்டா, கடைசியாக மார்ட்டி என்று பிறந்த வரிசையிலேயே மறைதல் நடக்கிறது. எவ்வளவு நேரம் மீதம் இருக்கிறது என்று எந்த வசனமும் இல்லாமல் சிறு குழந்தைக்குக்கூடப் புரிகிறது. சமன்பாடு தவறாக இருந்தாலும் இந்த உத்தியை நான் மனதார ஏற்கிறேன்.

இரண்டு பைன் மரங்கள் விஷயத்தையும் கவனிக்காதவர்கள் மறுமுறை பார்க்கும்போது கவனியுங்கள். தொடக்கத்தில் டாக் காரைச் சோதித்துக்காட்டும் வணிக வளாகத்தின் பெயர் ‘ட்வின் பைன்ஸ்’. 1955இல் பண்ணை ஒன்றில் மார்ட்டி ஒரு பைன் கன்றின் மேல் காரை ஏற்றிவிடுகிறான். திரும்பி வரும்போது பெயர்ப்பலகையில் ‘லோன் பைன்’ என்று இருக்கிறது. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை.

---

ஒலிப்பதிவு எழுதியது:

பாராட்டுகளுக்கு நடுவே ஒரு மனக்குறையைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. மேடையில் மார்ட்டி வாசிக்கும் ‘ஜானி பி. குட்’ சக் பெரி 1958இல் வெளியிட்ட பாடல். மார்ட்டி அதை வாசிக்கும்போது, கையில் காயம்பட்ட மார்வின் பெரி தன் உறவினர் சக்கைத் தொலைபேசியில் அழைத்து, நீ தேடிக்கொண்டிருந்த புதிய ஒலி இதுதான் என்று கேட்கவைக்கிறார். அரங்கு சிரிக்கும் இடம் அது. ஆனால் உண்மை வரலாற்றில், 1955 ஜூலையிலேயே சக் பெரியின் ‘மேபெலீன்’ வெளியாகி, அந்த ஆண்டே ரிதம் அண்டு புளூஸ் பட்டியலில் முதலிடம் பெற்றுவிட்டது. நவம்பரில் அவர் எந்த ஒலியையும் தேடிக்கொண்டிருக்கவில்லை. அதைக் கண்டுபிடித்து நாடு முழுவதும் பரப்பிவிட்டிருந்தார். கருப்பினக் கலைஞர்கள் உருவாக்கிய இசையை, வெள்ளையினச் சிறுவன் ஒருவனிடமிருந்து அவர்கள் பெற்றதாகக் காட்டும் நகைச்சுவை, பிள்ளைகளின் மனத்தில் தவறான வரலாற்றைப் பதியவைக்கும்.

கோல்டி வில்சன் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். 1955இல் சிற்றுண்டிக் கடையில் தரை கூட்டும் கருப்பின இளைஞர் அவர். 1985இல் அவரே நகர மேயர். நீ மேயராகப் போகிறாய் என்று மார்ட்டி வாய் தவறிச் சொல்ல, அவர் அந்த எண்ணத்தைப் பற்றிக்கொள்கிறார். கருப்பர் ஒருவர் மேயராவதா என்று கடைக்காரர் ஏளனம் செய்கிறார். படம் நடக்கும் வாரத்துக்குச் சில வாரங்கள் கழித்து, 1955 டிசம்பர் 1 அன்று, மான்ட்கமரியில் ரோசா பார்க்ஸ் பேருந்து இருக்கையிலிருந்து எழ மறுத்துக் கைதானார். அந்தக் காலத்தின் உண்மையான போராட்டம் இந்தப் படத்தின் ஓரத்தில், ஒரு கடைக்காரரின் வாயில் மட்டும்தான் இருக்கிறது. ஒரு வாரக் கதைக்குள் எல்லாவற்றையும் வைக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐம்பதுகளின் ஹில் வேலி அவ்வளவு தூய்மையாகவும் இனிமையாகவும் தெரிவது யாருடைய கண்களுக்கு என்ற கேள்வியை, பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் பெரியவர்கள் எழுப்ப வேண்டும்.

இசையைப் பொறுத்தவரை ஒரு கூடுதல் தகவல்: மேடையில் ஒலிக்கும் பாட்டுக் குரல் மார்க் கேம்பலுடையது, கிதார் வாசித்தவர் டிம் மே. ஃபாக்ஸ் விரல் அசைவுகளைப் பயின்று நடித்தார். 1985இன் பள்ளித் தேர்வில் சத்தம் அதிகம் என்று அவனை நிராகரிக்கும் நடுவராக வருபவர், அவன் வாசிக்கத் தொடங்கிய ‘பவர் ஆஃப் லவ்’ பாடலின் சொந்தக்காரரான ஹியூயி லூயிஸ்.

---

தென்திசை எழுதியது:

ஒலிப்பதிவு சொன்னது எனக்கு உடன்பாடே. ஆனால் என்னைப் பொறுத்தவரை படத்தின் பெரிய சிக்கல் அதன் முடிவில் இருக்கிறது.

மார்ட்டி திரும்பி வருகிறான். வீட்டில் புதிய மரச்சாமான்கள், கொட்டகையில் அவன் ஆசைப்பட்ட வண்டி, டென்னிஸ் ஆடிவிட்டு வரும் ஒல்லியான பெற்றோர், முதல் நாவலை வெளியிட்டிருக்கும் தந்தை. குளோவரே இந்த முடிவை ஏற்கவில்லை. பெற்றோர் ஒருவரை ஒருவர் நேசிப்பதுதான் பரிசாக இருக்க வேண்டுமே தவிர, பணமும் பொருளும் பரிசாகக் கூடாது என்று படப்பிடிப்பின்போதே வாதிட்டதாக அவர் பிற்காலப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நான் அவர் பக்கம். ஜார்ஜ் தன் கதையைப் பிறருக்குக் காட்டத் துணிந்தார் என்பதற்கு நாவல் ஒன்றே போதுமான சான்று. வண்டி தேவையே இல்லை.

அதைவிட என்னை உறுத்துவது பிஃப். பள்ளிக்காலத்தில் லொரெய்னை வன்கொடுமை செய்ய முயன்றவன், 30 ஆண்டுகள் கழித்து அவள் வீட்டு வாசலில் கார் துடைத்துக்கொண்டு நிற்கிறான். அவள் புன்னகைத்துக்கொண்டு கடந்துபோகிறாள். கரும்பலகை அக்கா, உங்கள் பட்டியலில் இருக்க வேண்டியது காருக்குள் நடக்கும் காட்சியைவிட இந்தக் காட்சிதான் என்று நான் நினைக்கிறேன். காருக்குள் நடப்பது தவறு என்று படமே தெளிவாகச் சொல்லிவிடுகிறது. வாசலில் நடப்பதைப் படம் தவறாகப் பார்க்கவே இல்லை.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. மார்ட்டி வளர்ந்த வீடு, அவனை வளர்த்த சோர்ந்த தாய், பயந்த தந்தை ஆகியோர் இப்போது எங்கே போனார்கள்? புதிய பெற்றோர் வளர்த்த பிள்ளை வேறொரு மார்ட்டி. அவனுடைய பதினேழு ஆண்டு நினைவுகள் எதுவும் இவனிடம் இல்லை. வீடு திரும்பியவன், உண்மையில் தன்னைப் பெற்றவர்களுக்கே ஒரு புதியவன்.

---

கரும்பலகை எழுதியது:

தென்திசை தம்பி, பிஃப்பைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு படத்தை மீண்டும் போட்டுப் பார்த்தேன். உங்கள் கருத்தை முழுமையாக ஏற்கிறேன். 1985இல் ஒரு நகைச்சுவைப் படம் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டதற்குக் காலம் காரணமாக இருக்கலாம். இன்று அதைக் கண்டுகொள்ளாமல் விட நமக்குக் காரணம் இல்லை.

ஆனால் மார்ட்டி ‘புதியவன்’ என்று சொன்னதில் எனக்கு வேறு பார்வை உண்டு. அவன் இழந்தது நினைவுகள். பெற்றதும் ஒரு நினைவுதான். நடன விழா முடிந்து விடைபெறும்போது, உங்கள் பிள்ளைகளில் ஒருவன் எட்டு வயதில் தவறுதலாக வீட்டுக் கம்பளத்தைக் கொளுத்திவிட்டால் அவனிடம் கடுமையாக நடந்துகொள்ளாதீர்கள் என்று இருவரிடமும் சொல்கிறான். பெற்றோரைப் பெற்றோராக அல்லாமல் மனிதர்களாக அவன் பார்த்துப் பேசும் நேரம் அது. ஒரு வாரம் அவர்களோடு ஒரே பள்ளியில் இருந்துவிட்டு வந்தவனுக்கு, புதிய வீட்டில் இருக்கும் இருவரும் அந்நியர்களாக இருக்க மாட்டார்கள் என்றே நான் நம்புகிறேன். மறுபடியும் சொல்கிறேன், இது என் நம்பிக்கை. படம் இதற்கு விடை தரவில்லை.

பள்ளியைப் பற்றி ஆசிரியை என்ற முறையில் ஒன்று. ஸ்ட்ரிக்லண்ட் 1955இலும் 1985இலும் அதே வழுக்கைத் தலையோடு, தந்தைக்கும் மகனுக்கும் ஒரே சொல்லைச் சொல்கிறார்: சோம்பேறி. ஒரு குடும்பத்தையே இரண்டு தலைமுறையாக ஒரு கல்வியாளர் உருப்படாதவர்கள் என்று முத்திரை குத்தியிருக்கிறார். ஜார்ஜின் முதுகில் காகிதம் ஒட்டிய மாணவர்களை அவர் தடுக்கவில்லை, ஒட்டப்பட்டவரைத்தான் திட்டுகிறார். திரையரங்கில் அனைவரும் சிரிக்கும் அந்தப் பாத்திரத்தைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை. என் சக ஆசிரியர்களுக்கு இந்தப் படத்தைப் பரிந்துரைப்பதாக இருந்தால் அவருக்காகவே பரிந்துரைப்பேன்.

ஆகவே என் நிலைப்பாடு சற்று மாறியிருக்கிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு, பெரியவர் ஒருவர் உடன் இருந்து பார்க்கலாம். அதற்குக் கீழே வேண்டாம். இந்தப் படத்தை மட்டும் பார்த்தால் கதை முழுமையாக இருக்குமா, அல்லது மூன்று பாகங்களையும் பார்த்தாக வேண்டுமா என்பதை மட்டும் யாராவது சொல்லுங்கள். வகுப்பு நேரத்துக்குள் திட்டமிட வேண்டும்.

---

மாலைக்காட்சி எழுதியது:

அக்கா, முதல் படம் மட்டும் போதும். 1985இல் திரையரங்குக்கு வந்தபோது அது தனிப் படமாகவே வந்தது; கார் வானில் எழும் கடைசிக் காட்சியை ஒரு நகைச்சுவையான நிறைவாகத்தான் ஜெமெக்கிஸும் கேலும் நினைத்திருந்தார்கள். ‘தொடரும்’ என்ற எழுத்து பின்னர் வீடியோ நாடாவாக வெளியிட்டபோது சேர்க்கப்பட்டது. இரண்டாம் பாகம் 1989இலும் மூன்றாம் பாகம் 1990இலும் வந்தன. அவற்றில் கதை பள்ளியை விட்டு வெகுதூரம் போய்விடுகிறது. இரண்டாம் பாகத்தில் வன்முறையும் கூடுதல். முதல் படத்தின் ஓட்டம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். நடுவில் நிறுத்த வேண்டியிருந்தால், கார் மோதி மார்ட்டி மயங்கி, லொரெய்ன் வீட்டில் கண் விழிக்கும் காட்சி முடிந்ததும் நிறுத்துங்கள். அதற்குள் முடிச்சு விழுந்துவிடும் என்பதால் பிள்ளைகள் மறுநாள் தாமாகவே மீதியைக் கேட்பார்கள்.